பிள்ளை சிரிக்கிறது, எதற்கென்று எமக்குத் தெரியுமா?

கொச்சிக்கடை ஜம்பட்டா வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில், ஒரே அறையில் வாழும் குடும்பம் அது. கிளிநொச்சிப் பக்கத்தில் வயலும் தோட்டமும் செய்தவர்கள். யுத்தம் இடம்பெயர வைத்தது. பின்னர் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கேயே தங்கிவிட்டார்கள். தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறார். மூத்தவளுக்குப் பதினைந்து வயது, இளையவனுக்குப் பத்து.

பெற்றோர் கூட்டம் முடிந்ததும் தாய் எம்மிடம் வந்தார். “பாதர், மகள் போனிலை ஒரு இங்கிலீசு நாடகம் பாக்கிறாள். இங்கிலீசு படிக்கத்தான் எண்டு சொல்லுறாள். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பாக்க விடலாமோ?”

நாடகத்தின் பெயர் ‘பிரெண்ட்ஸ்’. நாம் யோசியாமலே, “பரீட்சை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்” என்றோம். அருகில் நின்ற மகள் தணிந்த குரலில், “பாதர் அதைப் பாத்தனீங்களோ?” என்று கேட்டாள். நாம் பார்த்திருக்கவில்லை. பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொன்னது எமது பிழை. ஆகவே பார்த்தோம்; அதைப்பற்றி வாசித்தும் அறிந்தோம்.

நியூயோர்க் நகரில் பெற்றோரைவிட்டுத் தனியே வாழும் ஆறு இளம் நண்பர்களின் கதை இது. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1994 முதல் 2004 வரை பத்துப் பருவங்களாக, 236 பகுதிகள் ஒளிபரப்பாயின. இன்றும் உலகெங்கும் இளையோர் இதைப் பார்க்கிறார்கள். எமது பிள்ளைகளும் அறிந்த கொரியப் பாடகர் குழுவான பி.ரி.எஸ். இன் தலைவர் ஆர்.எம்., தாம் ஆங்கிலம் கற்றது இந்த நாடகத்திலிருந்தே என்று 2017இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கூறினார். தாய் வாங்கிக் கொடுத்த இறுவட்டுகளை முதலில் கொரிய உபதலைப்புடனும், பின்னர் ஆங்கில உபதலைப்புடனும், கடைசியில் உபதலைப்பு இல்லாமலும் பார்த்தாராம். ஆகவே மகள் சொன்னது சாட்டு அல்ல.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்நாடகத்தின் எழுத்தாளர் அறையில் உதவியாளராக வேலை செய்த பெண் ஒருவர், அங்கு பேசப்பட்ட ஆபாசப் பேச்சுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். 2006இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று, இது பாலியல் விடயங்களைக் கையாளும், வளர்ந்தோருக்கான நகைச்சுவை நாடகம் என்பதாகும். அது வளர்ந்தோருக்கானது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

திரையின் மூலையில் தோன்றும் வயது அடையாளம் எமக்கு உதவாதா? ஓரளவு உதவும். அமெரிக்காவில் 1997 முதல் இந்த முறை உண்டு. 14 என்ற இலக்கம் இருந்தால், பதினான்கு வயதுக்குக் குறைந்தோர் பெற்றோரின்றிப் பார்ப்பது உகந்ததல்ல என்பது கருத்து. ஆயினும் அந்த அடையாளத்தை இடுவது அரசாங்கம் அல்ல, ஒளிபரப்பும் நிறுவனமே. அந்த இலக்கத்துக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. ஒரே அறையில் பத்து வயதுத் தம்பியும் இருக்கிறான் என்பதும் தெரியாது.

ஊரில் நாம் இசை நாடகம் பார்த்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். பபூன் இரட்டை அர்த்தத்தில் பேசியபோது சிறுவர்களும் பாயில் இருந்தார்கள். ஆனால் பக்கத்தில் அப்பாச்சியும் இருந்தார். வரம்பு மீறினால் ஒரு பெரியவர் அதட்டுவார். அந்த அதட்டலிலிருந்தே பிள்ளை அளவைக் கற்றுக்கொண்டது. இன்று பிள்ளை தனியே போனோடு இருக்கிறது. பெரியவருக்கோ மொழி விளங்கவில்லை.

எனவே தாய்க்கு வேறொரு வழி சொன்னோம்: “அவளோடு சேர்ந்து இருந்து பாருங்கள். அவள் தமிழில் சொல்லட்டும்.”

முதற் பகுதியிலேயே, தகப்பனின் பணத்தை நம்பி வளர்ந்த றேச்சல் என்ற பெண் அதை விட்டு, கோப்பிக்கடையில் பரிமாறும் வேலையில் சேர்கிறாள். தாய்க்கு அது பிடித்துவிட்டது. “சொந்தக் காலிலை நிக்கப் பாக்கிறாள்” என்றார். அதே பகுதியில், மொனிக்கா என்பவளை ஒருவன் உருக்கமான பொய்க்கதை சொல்லி நம்பவைத்து, அவளோடு இரவைக் கழிக்கிறான். அது அவன் வேறு பெண்ணிடமும் சொன்ன கதை என்று பிறகு தெரியவருகிறது. அரங்கம் சிரிக்கிறது. அந்த இடத்தில் மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

“ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்?” என்று தாய் கேட்டார். சற்றுப் பொறுத்து மகள் சொன்னாள். “பொய் சொல்லி ஏமாத்தினதிலை சிரிக்க என்ன இருக்கு?” என்றார் தாய். அன்று இரவு இருவரும் ஆண்களின் பேச்சைப்பற்றியும், மாலை வகுப்புக்குப் போகும் வழியைப்பற்றியும் நெடுநேரம் கதைத்தார்களாம். தாய் இதுவரை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் விட்டிருந்த பேச்சு அது.

அவர்கள் எடுத்த முடிவு இது: மகள் பார்க்கலாம், ஆனால் தம்பி உறங்கிய பிறகு, வாரத்தில் இரண்டு நாள், தாயும் பக்கத்தில் இருக்க. தம்பிக்கு இப்போது வேண்டாம். எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தாது. முடிவெடுக்குமுன் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் சில:

1. நாம் ஒரு பகுதியையாவது முழுமையாகப் பார்த்தோமா?
2. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? ஏமாற்றியவனையா, ஏமாந்தவளையா? பருத்த உடலையா? இந்நாடகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்த்தா கவ்மன், வெள்ளையர் அல்லாதோருக்கு அதில் போதிய இடம் கொடுக்காததற்காக 2022இல் வெளிப்படையாக வருந்தினார். ஆக்கியவரே குறை காணும்போது பிள்ளையும் காணலாம்.
3. அந்தச் செயலால் பின்னர் யாருக்கு என்ன துன்பம் என்பதைக் கதை காட்டுகிறதா, மறைக்கிறதா?
4. அறையில் வேறு யார் விழித்திருக்கிறார்கள்?
5. பிள்ளை எமக்குத் தமிழில் சொல்லத் தயங்கும் இடம் எது?

ஐந்தாவது கேள்வியே முக்கியமானது. தயங்கும் இடத்தில் அதட்டினால், அடுத்தமுறை பிள்ளை காதுக்குள் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிடும். அங்கேதான் நாம் அமைதியாகக் கேட்கவேண்டும்.

இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில், பிள்ளையின் பக்கத்தில் இருந்து, “இது என்ன கதை? எனக்கும் சொல்லு” என்று கேட்டுப்பாருங்கள்.