பாதிப் பருவத்தில் பலாபலம்

லீக் முறையில் நடைபெறும் விளையாட்டுக்களில் பாதி ஆட்டங்கள் நிறைவேறியதும் பத்திரிகைகளில் ஒரு பட்டியல் வெளியாவது வழக்கம். எந்த அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது, எத்தனையில் தோற்றது, எத்தனை புள்ளி பெற்றது என்பன அதில் வரிசையாக இருக்கும். முதலிடத்தில் நிற்பது வலிய அணி, கடையிடத்தில் நிற்பது மெலிந்த அணி என்று அதைக் கண்டவர் முடிவு கட்டிவிடுகின்றனர். கிண்ணம் இன்னாருக்கே என்று தேநீர்க்கடையிலும் பேருந்திலும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. வாய்ப்பேச்சோடு நின்றால் கேடில்லை. நாட்கூலியையே பந்தயமாக வைத்துவிடுவோரும் இல்லாமல் இல்லை. ஆகவே அப்பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஆராய்வது வீண்வேலையாகாது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டங்களில் வாழ்வோர்க்கு மிக அண்மையில் உள்ள தொழில்முறை அணி கண்டி அணியே. 2020ஆம் ஆண்டு தொடங்கிய லங்கா பிரிமியர் லீக் சுற்றுப்போட்டியில் மத்திய மாகாணத்தின் பெயர் சொல்லும் அணிகளில் அதுவும் ஒன்று. அந்த அணியின் வரலாறு நமது பொருளுக்கு நல்ல பாடமாக அமைந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் 'கண்டி ஃபல்கன்ஸ்' என்ற பெயருடன் ஆடிய அந்த அணி, 8 லீக் ஆட்டங்களில் 7இல் வென்று பட்டியலின் உச்சியில் நின்றது. ஆயினும் அடுத்த கட்டத்தில் முதலில் யாழ்ப்பாணத்திடமும் பின்னர் கொழும்பிடமும் தோற்று, இறுதியாட்டத்தை எட்டிப் பார்க்காமலே வெளியேறியது. மறு ஆண்டு, 2023இல், 'பி-லவ் கண்டி' என்ற பெயரில் ஆடியபோது 8 ஆட்டங்களில் 4 வெற்றி, 4 தோல்வி. நடுத்தரம் என்பதற்கு இதைவிடச் சரியான கணக்கு வேண்டியதில்லை. அந்த ஆண்டுதான் கிண்ணம் கண்டிக்கு வந்தது! ஏழு வென்ற அணி வெறுங்கையோடு திரும்ப, நான்கு வென்ற அணி வாகை சூடியது எவ்வாறு?

இதற்கு விடை காணத் தோட்டத்துத் தராசு உதவும். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது ஒரு பெண் நிறையக் கொண்டுவந்திருக்கிறாள், மற்றொருத்தி குறைவாகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவளுக்கு முழுப்பேர் விழும். இரண்டாமவளுக்கு அரைப்பேர்தான் விழும். கணக்குப் புத்தகம் அதோடு முடிந்துவிடும். ஆனால் அனுபவமுள்ள கங்காணி அந்த எண்ணை மட்டும் கொண்டு கைத்திறனை மதிப்பதில்லை. எந்த மலையில் நிறை பிடித்தாள்? கவ்வாத்து வெட்டித் துளிர் பொங்கி நிற்கும் மலையா, நான்காண்டு கடந்து ஓய்ந்துபோன மலையா? மழை பெய்து கொழுந்து விளைந்த வாரமா, பனிக்காற்றில் துளிர் ஒடுங்கிய வாரமா? கூடையில் இருப்பது கொழுந்தின் நிறையா, அதில் ஒட்டிய ஈரத்தின் நிறையா? இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் அவர் மதிப்பிடுவார். அணிகளை நிறுக்கும்போதும் கேட்கவேண்டிய வினாக்கள் ஏறத்தாழ இவையே.

முதல் வினா, எத்தனை நாள் நிறுத்தோம் என்பது. அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. பாதி என்றால் 41 ஆட்டம். லங்கா பிரிமியர் லீக்கில் பாதி என்றால் நான்கே ஆட்டம். பெயர் ஒன்றே, பொருள் வேறு. ஒன்றுக்கொன்று சற்றும் ஏற்றத்தாழ்வில்லாத அணிகள் ஆடுவதாகவும், வெற்றி தோல்வியை நாணயம் சுண்டியே முடிவு செய்வதாகவும் கற்பனை செய்துகொள்க. அப்போதும் ஓர் அணி தன் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றையோ நான்கையோ வென்றுவிட 16இல் 5 வாய்ப்பு உண்டு. அதாவது திறமை என்பதே கலவாமல், வெறும் தற்செயலாகவே ஓர் அணி பட்டியலின் மேற்பகுதியில் ஏறி அமர்ந்துவிடலாம். அதே நாணயத்தை 41 முறை சுண்டி 31 முறையேனும் வெல்ல வேண்டுமானால், வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைந்துவிடுகிறது. ஆகையால் கூடைப்பந்தில் பாதிப் பருவத்தில் முக்கால் பங்கு வென்ற அணியை வலியது என்று துணிந்து கூறலாம். இருபது ஓவர் கிரிக்கட்டில் அதே விகிதத்தைக் கண்டு அவ்வாறு கூறுவது, ஒரு நாள் நிறையைப் பார்த்து ஆண்டு விளைச்சலைச் சொல்வது போன்றதே.

ஆட்டத்தின் அமைப்பும் இதற்கு ஒரு காரணமாகும். கூடைப்பந்தில் ஒவ்வோர் அணியும் ஓர் ஆட்டத்தில் 100 புள்ளிகளுக்கு மேல் எடுப்பது இக்காலத்தில் சாதாரணம். அத்தனை முறை பந்து கூடையில் விழும்போது ஒன்றிரண்டு தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இருபது ஓவர் ஆட்டத்திலோ ஓர் அணிக்கு உரிய பந்துகள் மொத்தம் 120. நழுவவிட்ட ஒரு பிடியும், அடிபட்ட ஓர் ஓவரும் போதும், முடிவு தலைகீழாகிவிடும்.

அடுத்த வினா, எவ்வளவு வித்தியாசத்தில் என்பது. பட்டியலில் ஒரு ஓட்டத்தில் வென்றதும் வெற்றியே, 80 ஓட்டத்தில் வென்றதும் வெற்றியே. இரண்டிற்கும் 2 புள்ளி. ஆயினும் நெருங்கிய வெற்றிகளில் நல்லூழின் பங்கு மிகுதி. கூடைப்பந்தை ஆராய்ந்தவர்கள், ஓர் அணி வென்ற ஆட்டங்களின் தொகையைக் காட்டிலும், அது எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வேறுபாடே பிற்பாதியை நன்கு முன்னறிவிக்கிறது என்று கண்டுள்ளனர். கிரிக்கட்டில் அந்தப் பணியை நிகர ஓட்ட விகிதம் ஓரளவு செய்கிறது. ஓர் அணி ஓவருக்குச் சராசரியாக எடுத்த ஓட்டங்களிலிருந்து, ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்களைக் கழித்தால் கிடைப்பது அது. 20 ஓவரில் 160 எடுத்து எதிரணியை 20 ஓவரில் 140க்குள் நிறுத்தினால் 8இலிருந்து 7 போக 1 மிஞ்சும். இதில் ஒரு நுட்பம் உண்டு: 15 ஓவரிலேயே எல்லா விக்கட்டுக்களையும் இழந்தாலும் 20 ஓவர் ஆடியதாகவே கணக்கிடுவர். அவசரப்பட்டு ஆட்டமிழப்போர்க்கு அதில் சலுகை இல்லை.

இந்தச் சிறு கணக்கு மலைநாட்டு அணியை ஒருமுறை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆட்டங்கள் யாவும் ஹம்பாந்தோட்டையில் நடைபெற்றன. காலி அணி முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. பாதிப் பருவத்தில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. காலியின் கதை முடிந்தது என்று சொல்ல எவரும் தயங்கியிருக்கமாட்டார். லீக் முடிவில் காலிக்கு 2 வெற்றி, கண்டிக்கும் 2 வெற்றி. நிகர ஓட்ட விகிதம் காலிக்குச் சாதகமாக இருந்ததால் அது நான்காம் இடம் பெற்றது; கண்டி ஐந்தாம் இடத்தோடு நின்றது. அரையிறுதியில் காலி, பட்டியலின் உச்சியில் இருந்த கொழும்பை வீழ்த்தி இறுதியாட்டத்திற்கே சென்றுவிட்டது. அங்கே யாழ்ப்பாண அணியிடம் 53 ஓட்டத்தால் தோற்றது என்பது வேறு கதை. 8 ஆட்டங்களில் இரண்டே வென்ற அணி கிண்ணத்திற்கு ஓர் ஆட்டத் தொலைவில் நின்றது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

இது எவ்வாறு கூடிற்று எனில், வாயில் அகலமாக இருந்தது. ஐந்து அணிகளில் நான்கு அடுத்த கட்டத்திற்குச் செல்லும் என்பது விதி. கடையிடத்தைத் தவிர்த்தாலே போதும். ஆகவே பாதிப் பருவத்தில், 'இந்த அணி முதலிடம் பெறுமா?' என்று கேட்பதற்கு முன்னால், 'எத்தனை பேருக்கு வாயில் திறந்திருக்கிறது?' என்று கேட்டல் வேண்டும். முதலிரு இடத்தவர்க்கு ஒருமுறை தோற்றாலும் மறுவாய்ப்பு உண்டு என்ற முறை பின்னர் வந்தது. 2022இல் கண்டிக்கு அந்த மறுவாய்ப்பும் கிடைத்தது, அதையும் இழந்தது.

மூன்றாவது, எந்த மலையில் பறித்த கொழுந்து என்ற வினா. பாதிக் கட்டத்தில் ஓர் அணி மெலிந்த எதிராளியை இருமுறை சந்தித்திருக்கக்கூடும். வலிய எதிராளியை இன்னும் சந்திக்காமலே இருக்கக்கூடும். பல்லேகலையில் இரவுப்பனி பந்தை நனைத்துவிட்டால் சுழற்பந்து வீச்சாளரின் விரலுக்குப் பிடி கிடைப்பதில்லை. அங்கு நாணயச்சுழற்சியில் வென்று இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய அணியின் வெற்றியில் எவ்வளவு திறமை, எவ்வளவு ஈரம் என்று பிரித்தறிதல் வேண்டும். மழைநாட் கொழுந்துக்குக் கழிவு போடுவது போல இத்தகைய வெற்றிகளுக்கும் மனத்தில் ஒரு கழிவு போட்டுக்கொள்வது நல்லது.

சொந்த இடத்தின் வலிமைக்கு அமெரிக்காவின் டென்வர் நகரம் தக்க சான்று. அந்நகரம் கடல்மட்டத்திற்கு 5280 அடி உயரத்தில், சரியாக ஒரு மைல் உயரத்தில் இருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொள்வது. ஹட்டன் அதைவிடத் தாழ்ந்தது; நுவரெலியாவோ 6000 அடிக்கும் மேலே இருப்பது. கீழ்நாட்டிலிருந்து வந்தவர் லயத்துப் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குவதைக் கண்டு சிரித்திருப்போர்க்கு, டென்வருக்கு ஆடவரும் அணிகளின் நிலையை விளக்கவேண்டியதில்லை. 2022–23 பருவத்தில் டென்வர் கூடைப்பந்து அணி சொந்த அரங்கில் 41 ஆட்டங்களில் 34இல் வென்றது. வெளியிடங்களில் 41இல் 19 மட்டுமே வென்றது. அந்த ஆண்டின் கிண்ணம் அதற்கே கிடைத்தது. இத்தகைய அணியின் அரைப்பருவக் கணக்கைப் பார்ப்பவர், அதுவரை எத்தனை ஆட்டங்கள் மலைமேல் நடந்தன என்று கேளாமற் போனால் ஏமாந்துபோவார்.

இனி, யார் வருகிறார், யார் போகிறார் என்பது. பட்டியல் கடந்தகாலத்தைச் சொல்வது. கிண்ணமோ எதிர்காலத்தில் இருப்பது. இரண்டிற்கும் இடையே அணியே மாறிவிடலாம். 1995ஆம் ஆண்டு பெப்ரவரியில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஹூஸ்டன் கூடைப்பந்து அணி கிளைட் டிரெக்ஸ்லரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. 47 வெற்றி, 35 தோல்வியுடன் தன் பிரிவில் ஆறாம் இடத்திலிருந்து புறப்பட்ட அந்த அணி, இறுதித்தொடரில் ஒர்லாண்டோவை நான்கு ஆட்டங்களிலும் வென்று வாகை சூடியது. லங்கா பிரிமியர் லீக்கில் இம்மாற்றம் இன்னும் விரைவானது. வெளிநாட்டு வீரர் தத்தம் நாட்டுச் சபையின் அனுமதியோடு வருபவர்; அழைப்பு வந்தால் பாதியிலும் புறப்பட்டுவிடுவர். நான்காம் ஆட்டத்தில் 60 ஓட்டம் எடுத்தவர் ஏழாம் ஆட்டத்தில் விமானத்தில் இருக்கலாம்.

ஒரே வீரர்மீது பாரம் சாய்ந்திருப்பதும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 2023இல் கண்டியின் தலைவர் வனிந்து ஹசரங்க 279 ஓட்டங்களும் 19 விக்கட்டுக்களும் பெற்று, சுற்றுப்போட்டி முழுவதிலும் இரு துறைகளிலும் முதல்வராக விளங்கினார். அரிய சாதனைதான். ஆனால் பலாபலம் நோக்குபவர் அதில் அபாயத்தையும் காண்பார். அஞ்சியபடியே நடந்தது, தம்புள்ளைக்கு எதிரான இறுதியாட்டத்தில் காயத்தினால் அவர் ஆடவில்லை. அஞ்சலோ மத்தியூஸ் தலைமையேற்று, 5 விக்கட் வித்தியாசத்தில் வெற்றியை ஈட்டித் தந்தார். பட்டியல் முழுவதையும் தலைகீழாகப் படித்தாலும் இந்தச் செய்தி அதில் கிடைத்திராது. பின்வரிசையில் எவர் இருக்கிறார், பழுத்த கை எத்தனை என்பன எண்களுக்குள் அடங்காத விஷயங்கள்.

தோல்வியைக் கண்டு அணியைக் கலைக்காதிருப்பதும் வலிமையின் ஒரு கூறே என்பதற்குச் சென்னை அணியைக் காட்டலாம். 2010ஆம் ஆண்டு இந்தியன் பிரிமியர் லீக்கில் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் 7 ஆட்டங்களில் 2இல் மட்டுமே வென்றது. அவ்வணியில் முத்தையா முரளிதரனும் ஆடினார்; அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வேலை தேடி வந்தவர். ஐந்து தோல்விகளில் ஒன்று, பஞ்சாப் அணியோடு ஓட்டம் சமமாகி, மேலதிக ஓவரில் பறிபோனது. மேலோட்டமாக நோக்கியவர்க்கு அது ஐந்தாவது பூச்சியம். ஆழ்ந்து நோக்கியவர்க்கு மயிரிழையில் தப்பிய வெற்றி. பிற்பாதி 7 ஆட்டங்களில் சென்னை 5இல் வென்றது. முடிவில் 14 புள்ளியுடன் நான்கு அணிகள் சமமாக நின்றன. நிகர ஓட்ட விகிதம் சென்னையையும் பெங்களூரையும் உள்ளே விட்டு, டில்லியையும் கொல்கத்தாவையும் வெளியே நிறுத்தியது. இறுதியாட்டத்தில் மும்பையை 22 ஓட்டத்தால் வென்று சென்னை முதன்முறையாகக் கிண்ணம் பெற்றது.

இவ்வளவும் அறிந்தபின் பாதிப் பருவத்தில் உறுதியாக எதையுமே சொல்ல முடியாதா என்று கேட்கலாம். சொல்லலாம், ஆனால் ஆரூடமாக அன்று, வாய்ப்பின் அளவாக. நெடிய பருவத்தில் அந்த அளவு நம்பத்தக்கது. எனினும் அதற்கும் எல்லை உண்டு. 2015–16இல் கோல்டன் ஸ்டேட் கூடைப்பந்து அணி முதல் 24 ஆட்டங்களையும் வென்று, 82இல் 73 வெற்றி என்ற சாதனையும் படைத்து, இறுதித்தொடரிலும் மூன்றுக்கு ஒன்று என முன்னின்றது; பின்பு மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து இழந்து கிண்ணத்தைக் கிளீவ்லண்டிடம் விட்டுக்கொடுத்தது. குறுகிய பருவத்தில், நாலைந்து ஆட்டங்கள் முடிந்த நிலையில், 'இவ்வணி வெளியேறிவிடாது' என்பது வரை துணியலாம். 'இவ்வணியே வெல்லும்' என்பது மிகை. 2024இல் இறுதியாட்டத்திற்குச் செல்லும் இடத்திற்காகக் கண்டியும் யாழ்ப்பாணமும் மோதின. யாழ்ப்பாணம் வென்றது ஒரே ஓர் ஓட்டத்தால்.