கடையில் கேட்ட ஓசையும் வீட்டில் கேட்கும் ஓசையும்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் போனஸ் கைக்கு வந்தவுடன், குடும்பத்தோடு ரவாங்கிற்கோ சுங்கை பூலோவிற்கோ புறப்பட்டுப் பெரிய மின்பொருள் கடைகளில் ஏறி இறங்குவது நம்மில் பலருக்கு வழக்கம். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போனவர் அங்கே ஆளுயரத்திற்கு நிற்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கரின் முன்னால் கால் நகராமல் நின்றுவிடுகிறார். விலை மூவாயிரம் வெள்ளி. விற்பனையாளர் அந்த மூவாயிரத்தை வாயால் சொல்வதில்லை. "மாதம் நூறு வெள்ளிகூட ஆகாது" என்கிறார். இத்தகைய உயர்ந்த ரக ஸ்பீக்கர்களைப் பெருங்கடைகள் எவ்வாறு விற்கின்றன என்பதை இன்று ஆராய்வோம்.

முன்னாளில் இவை தனிக்கடைச் சரக்காக இருந்தன. அக்கடைகளில் கம்பளம் விரித்த ஓர் அறை இருக்கும். வாங்க வருபவர் அங்கே அமர்ந்து, அரை மணி நேரமானாலும் கேட்டுப் பார்த்து முடிவு செய்வார். பெருங்கடைகளில் அதற்கு இடமும் இல்லை, பொறுமையும் இல்லை என்று கருதிப் பல உற்பத்தியாளர்கள் தங்கள் உயர்ந்த சரக்கை அங்கே அனுப்பாமல் இருந்தனர். பின்னர் நிலைமை மாறியது. தொலைக்காட்சி விலை இறங்க இறங்க, அதில் கிடைக்கும் இலாபமும் மெலிந்தது. இலாபம் கூடுதலாக நிற்கும் பொருள் பெருங்கடைக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவின் பெஸ்ட் பை நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மக்னோலியா ஹை-ஃபை என்ற தனிக்கடை நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, பிறகு தன் பெரிய கடைகளுக்குள் அதே பெயரில் ஒலி கேட்கும் அறைகளை அமைத்தது. உற்பத்தியாளர் பக்கமும் அப்படித்தான். ஜே.பி.எல். பெயரை வைத்திருக்கும் ஹார்மன் நிறுவனம் 2017இல் சாம்சுங் கைக்குப் போயிற்று. நம் நாட்டில் 1989இல் தொடங்கிய சென்ஹெங், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஹார்வி நார்மன் போன்ற தொடர்கடைகளை நாம் அறிவோம்.

இனி, கடைக்குள் நுழைவோம். நம் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்துக் கேட்டால், சற்று உரக்கப் பாடுவதையே நல்லது என்று சொல்லிவிடும். மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த சுருதிகளைச் சரியாக வாங்குவதில்லை. பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933லேயே இதை அளந்து காட்டினர். ஒலியைக் கூட்டினால் உறுமியும் தவிலும் எழுந்து வருவதாகத் தோன்றும். ஆகவே ஒரே அளவில் குமிழைத் திருகி வைத்துவிட்டு இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிக் காட்டினால் அது நியாயமான போட்டி ஆகாது. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 3 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது இரட்டிப்பு மின்சக்தி கொடுத்ததற்குச் சமம். நம் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் சிறிய ஆம்ப்ளிஃபையரைக் கொண்டே தோட்டம் முழுவதும் எட்டுகிறது. அதை யாரும் உயர்ந்த ரகம் என்று வீட்டில் வைப்பதில்லை.

காது மட்டுமா, கண்ணும் ஏமாறுகிறது. 1994இல் பிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்களுக்கு இருமுறை கேட்கக் கொடுத்தனர். ஒருமுறை திரைக்குப் பின்னால், மறுமுறை கண்ணெதிரே. திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் பெற்ற சிறிய, மலிவான பெட்டிகள், கண்ணில் பட்டதும் கீழே இறங்கின. பெரிய, பார்வைக்கு அழகான பெட்டிகளுக்கு மதிப்பு ஏறியது. கேட்டவர்கள் ஒலித் தொழிலிலேயே இருந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. பத்தாயிரம் வெள்ளிப் பெட்டியின் பக்கத்தில் மூவாயிரம் வெள்ளிப் பெட்டியை வைப்பதும் கண்ணுக்குச் செய்யும் வேலைதான். தனியாக நின்றால் மூவாயிரம் பெரிய தொகை. பத்தாயிரத்தின் நிழலில் அது சிக்கனமாகத் தோன்றும்.

ஆகவே கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நன்கு பழகிய பாட்டு ஒன்றைக் கொண்டுபோய், முதலில் பாடகரின் குரலைக் கேளுங்கள். குரல் மூக்கடைத்தாற்போல் இருந்தால் தாளம் எவ்வளவு அதிர்ந்தாலும் பயனில்லை. இரண்டு ஜோடிகளின் ஒலியையும் காதுக்குச் சமமாக்கிய பிறகே ஒப்பிடச் சொல்லுங்கள். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்; ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேட்க வேண்டும். கடைக்கூடம் விசாலமானது. நம் வீட்டுக் கூடமோ பன்னிரண்டு அடி. அங்கே பெட்டியைச் சுவர் மூலையில் தள்ளி வைத்தால் தாழ்ந்த சுருதி வீங்கும், தகரக் கூரையும் கூடச் சேர்ந்து பாடும். சிறிய அறைக்குச் சிறிய பெட்டியே பல வேளைகளில் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

இப்போது அந்த "மாதம் நூறு வெள்ளி"க்கு வருவோம். பள்ளியில் எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் போடும் கணக்குத்தான். ரொக்க விலை 3,000 வெள்ளி. முன்பணம் 300. மீதி 2,700. ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று தொடக்கத் தொகையின் மீதே வட்டி போட்டால், மூன்றாண்டு வட்டி 810 வெள்ளி. 36 மாதம், மாதம் 97 வெள்ளி 50 சென். மொத்தம் கொடுப்பது 3,810. பணம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையாததால், உண்மையான வட்டி ஏறத்தாழ 18 விழுக்காடு ஆகிறது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்துப் பார்த்தால், அந்த மாதத் தவணை ஒன்றரை நாள் உழைப்பு. மழை பிடித்துப் பழம் வெட்ட முடியாத மாதத்திலும் அது நிற்காது. தவணைக் கொள்முதலில் கடைசிச் சென் கட்டும்வரை பொருள் நமக்குச் சொந்தமும் அன்று. ஆகவே கையெழுத்திடும் முன், மாதத் தொகையைக் கேட்காதீர்கள். மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் ஒத்து வராவிட்டால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பெட்டி பழுதாக இருந்து, கடை கைவிரித்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், மூன்றாண்டுக்குள். இரசீதும் உத்தரவாத அட்டையும் கையில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் உறையிலேயே அவற்றையும் வைத்துவிடுங்கள்.