பருத்தி இலை பிளந்திருக்கிறதா? விதையா, மருந்தா என்று பாருங்கள்!

தியாகராய நகர் ஜவுளிக் கடையில் பருத்திச் சேலை எடுப்பவர்கள் நூலைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பருத்தியை விளைவிக்கும் விவசாயிக்கோ இலைதான் முதலில் சேதி சொல்லும். அகல இலைச் செடிகளுக்கு நடுவே சில செடிகளில் மட்டும் இலை விரல் விரலாகப் பிளந்திருந்தால், ‘நோயா, கலப்பு விதையா?’ என்று மனம் பதைக்கும்.

பருத்தி, வெண்டை, புளிச்சக்கீரை, பூவரசு எல்லாம் ஒரே குடும்பம். ஆனால், பூவரசு இலையில் பிளவே கிடையாது. கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தியில் ஆழமான பிளவு உண்டு. கம்போடியா பருத்தி வழிவந்த எம்.சி.யு. ரகங்களில் இலை அகலம். கம்போடியா சேர்ந்த அதே அமெரிக்க இனத்திலும் பிளந்த இலைச் செடிகள் இருக்கின்றன. வெண்டை இலைபோல இருப்பதால் அதற்கு ‘வெண்டை இலைப் பருத்தி’ என்று பெயர்.

இந்த இனத்தில் இலையின் வடிவத்தை முக்கியமாக நிர்ணயிப்பது ஒரே ஒரு மரபணு என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. அகல இலைச் செடியில் அந்த மரபணுவில் 8 எழுத்துகள் விடுபட்டு, அது முடங்கிக் கிடக்கிறது. வெண்டை இலையில் அது மும்முரமாக வேலை செய்கிறது. அங்கே அதை அடக்கியதும் அகல இலை துளிர்த்தது. கடுகுக் குடும்பச் செடி ஒன்றில், இதன் உறவுக்கார மரபணு சிற்றிலைகளுக்கு இடைப்பட்ட பகுதியை வளரவிடாமல் நிறுத்திப் பிளவை உண்டாக்குவதை 2014-லேயே கண்டறிந்திருக்கிறார்கள்.

பிளந்த இலையால் நன்மையும் உண்டு. வெயிலும் காற்றும் அடிக்காய் வரை போவதால் காய் அழுகல் குறையும். தெளிக்கும் மருந்தும் உள்ளே இறங்கும்.

இரண்டு வகையும் கலந்தால், முதல் தலைமுறையில் இடைப்பட்ட இலை வரும். அந்த விதையை எடுத்து விதைத்தால் நான்கில் ஒரு பங்கு பிளந்த இலை, ஒரு பங்கு அகல இலை, மீதி இரண்டு பங்கு இடைப்பட்டது. தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால், சொந்த விதை எடுப்பவர்கள் வேறு வடிவ இலைச் செடிகளைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும்.

2,4-டி களைக்கொல்லி பட்டாலும் இலை இப்படி ஒடுங்கும். வித்தியாசம் இதுதான்: வெண்டை இலைச் செடியில் முதல் சில இலைகள் தவிர மற்றவை எல்லாம் ஒரே சீராகப் பிளந்து, விரிந்து, தெளிவான நரம்புகளோடு இருக்கும். மருந்து பட்ட செடியில் பழைய இலைகள் அகலமாகவே இருக்க, புதுத் துளிர் மட்டும் சுருங்கி, நரம்புகள் நெருங்கி நிற்கும். பக்கத்துச் சோளக்காட்டில் தெளித்த மருந்து காற்றில் வந்திருக்கலாம். அதே தெளிப்பானைப் பருத்திக்கும் எடுத்திருக்கலாம். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.