ரப்பர் ஏன் ஸ்கேலைத் தின்கிறது?

ஜியோமெட்ரி பாக்ஸில் வெள்ளை ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் கோடை விடுமுறை முழுக்க ஒன்றாகக் கிடந்தால், ஜூனில் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. ரப்பர் பட்ட இடத்தில் ஸ்கேல் இளகிப் பள்ளம் விழுந்திருக்கும். நாம் வெயிலைத் திட்டுவோம். வேலையைக் காட்டியது ரப்பருக்குள் இருந்த எண்ணெய்.

அந்த வெள்ளை ரப்பர் பெரும்பாலும் ரப்பரே அல்ல, பி.வி.சி. தண்ணீர்க் குழாயும் அதே சரக்குதான், ஆனால் விறைப்பானது. 1926-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குட்ரிச் நிறுவன வேதியியலாளர் வால்டோ சீமன் ரப்பரை உலோகத்தில் ஒட்டுவதற்குப் பசை தேடினார். எளிதில் ஆவியாகாத திரவமொன்றில் பி.வி.சி.யைப் போட்டுக் காய்ச்சினார். எதிலும் ஒட்டாத, இழுத்தால் நீண்டு மீளும் பொருள் ஒன்று வந்தது. வெந்த சேமியாவில் எண்ணெய் விட்டால் இழைகள் ஒட்டாமல் வழுக்குமே, அந்தக் கதைதான். பி.வி.சி.யை இப்படி இளக்கும் எண்ணெய்க்குப் பெயர் பிளாஸ்டிசைசர், நெகிழ்வூட்டி. மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே அது குடியிருக்கிறதே தவிர, வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் கிளம்பிவிடும்; ஸ்கேலுக்குள் புகுந்ததும் அப்படித்தான்.

பி.வி.சி.யால் ஆன ரத்தப் பையில் இந்தக் கசிவு வினோதமாகிறது. அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை டி.இ.எச்.பி. என்ற தாலேட் வகை நெகிழ்வூட்டி இருக்கலாம். ரத்தத்தின் கொழுப்புப் பொருள்களோடு அது கசிந்து போகிறது. ஆண் எலிக்குஞ்சுகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுப்பதால், குழந்தைகளின் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அமெரிக்கா 2008-ல் சட்டமே போட்டது. ஆனால் அதே டி.இ.எச்.பி. சிவப்பணுவின் சவ்வில் ஏறி உட்கார்ந்து, அது உடையாமல் காக்கிறது. ரத்தம் 42 நாள் தாங்குவதில் இந்தக் கசிவுக்கும் பங்குண்டு! மருத்துவக் கருவிகளில் டி.இ.எச்.பி.யைக் கைவிட ஐரோப்பிய ஒன்றியம் 2030 வரை அவகாசம் தந்திருப்பது வீண் தயக்கமல்ல.

மாற்றுகள் உண்டு. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 2002-ல் ஒரு தாலேட்டின் பென்சீன் வளையத்தில் ஆறு ஹைட்ரஜன் அணுக்களை ஏற்றி டிஞ்ச் என்ற பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிஞ்ச் பையில் சிவப்பணுக்கள் சற்றுக் கூடுதலாக உடைகின்றன; சேமிப்புக் கரைசலை மாற்றி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது சிட்ரேட் வகை. அஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற கறுப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்தால் சிட்ரிக் அமிலம் தரும். அதை ஆல்கஹாலோடு சேர்த்தால் நெகிழ்வூட்டி தயார். ஆமணக்கெண்ணெயிலிருந்தும் செய்கிறார்கள்.

தாவரத்திலிருந்து நெகிழ்வூட்டி என்பது புதுச் செய்தியும் அல்ல. 1870 வாக்கில் ஜான் வெஸ்லி ஹயாட் செல்லுலாய்டை இளக்கியது கற்பூரத்தால். கற்பூரத்தின் சுபாவம் நமக்குத் தெரியும். செல்லுலாய்டால் ஆன பழைய படச்சுருள்களிலிருந்து அது மணமாகவே வெளியேறியது, சுருளும் சுருங்கியது.