முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் நீதியின் மொழியும்

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் போதகப் பணி செய்வோர் அறிந்த காட்சி ஒன்றுண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்தபின், மீனவத் தாயொருத்தியோ துறைமுகத் தொழிலாளி ஒருவரோ மடித்த காகிதமொன்றை நீட்டி, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பர். அது நீதிமன்ற ஆணையாயிருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். தம் வீட்டையும் நிலத்தையும் பற்றிய தீர்ப்பைத் தாமே வாசிக்க இயலாத நிலை அது. இக்குறையை நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, தம் கையால் இயன்றதைச் செய்த நீதிபதி ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

மாயூரம் முன்சீப் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்றவுடன் நம் சபையாரிற் பலர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எண்ணிக்கொள்வர். இருவரும் வேறானவர். சாஸ்திரியார் நம் புரொட்டஸ்டாண்டு மரபின் கவிஞர். பிள்ளையோ உரோமன் கத்தோலிக்கர். நம் கல்லூரிகளில் பிந்தியவர் அதிகம் பேசப்படாமைக்கு இதுவே காரணமெனின் அது வருந்தத்தக்கது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் பிறந்த இவர், அந்நகர நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்டது 1856இல்; அதற்கு அடுத்த ஆண்டில் இவர் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே தரங்கம்பாடி, டேனியரிடமிருந்து 1845இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. பின்னர் சீர்காழியிலும், நெடுங்காலம் மாயூரத்திலும் நீதி வழங்கினார். ஓய்வுக்குப் பின் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

இவருடைய நூல்களுள் யாவரும் அறிந்தது 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழின் முதல் நாவலெனக் கொள்ளப்படுவது. ஆனால் நம் நோக்கிற்கு முதன்மையானது, பலர் பெயரளவிற்கூட அறியாத 'சித்தாந்த சங்கிரகம்'. சென்னை சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்த நூல் அது. சதர் நீதிமன்றம் மறைந்து உயர்நீதிமன்றம் தோன்றிய 1862ஆம் ஆண்டை ஒட்டியே அந்நூல் வெளிவந்தது. மேல்மன்றத்தின் தீர்ப்பே கீழ்மன்றத்திற்கு வழிகாட்டி. அவ்வழிகாட்டி ஆங்கிலத்தில் மட்டுமிருந்தால், ஆங்கிலம் அறியாதவர் தம் வழக்கின் வன்மை மென்மையை எவ்வாறு அறிவர்? அறிந்தவர் சொல்வதை நம்புவதன்றி வேறு வழியில்லை. இடைத்தரகன் பிழைப்பதும் கைக்கூலி வளர்வதும் அவ்விடத்திலேதான்.

நாவலிலும் இவ்வெண்ணம் மறையவில்லை. ஆண்வேடம் பூண்டு அரசாளும் ஞானாம்பாள், நீதிபதியும் வழக்கறிஞரும் வழக்காளிகளும் தமிழராயிருக்க வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதன் பொருந்தாமையைக் கடிந்துரைக்கிறாள். கதைப்போக்கிற்கு அது இடையூறே எனலாம். கதாசிரியரை ஒதுக்கிவிட்டு முன்சீப் பேசத் தொடங்கிவிடுகிறார். ஆயினும் அப்பகுதியை நாம் விடமாட்டோம். கீழ்நிலை நீதிமன்றங்களிற் தமிழ் வழங்க 1976இன் சட்டத்திருத்தம் வழிசெய்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானித்தும், அங்கு இன்றுவரை ஆங்கிலமே அலுவல் மொழி.

பெண்கல்விக்காக 1869இல் 'பெண்மதி மாலை' எழுதினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது 'குளத்துக் கோவை' பாடினார். 1876–78 பஞ்சத்தில் தம் பொருளை ஏழைகளுக்கு வாரி வழங்கியமைக்காகக் கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் புகழ்ந்து பாடினார். சைவப் பெருமக்கள் ஒரு கிறிஸ்தவ நீதிபதியை இவ்வாறு கொண்டாடியது எளிய செய்தியன்று.

இனி ஓர் ஐயம். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்கதாக இவர் 1878இல் 'சர்வசமய சமரசக் கீர்த்தனை'யை வெளியிட்டார். அதில் ஒரே கடவுளைக் காண்கிறோம். சிலுவையைக் காண்கிறோமா என்று நம் மாணவர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அவருடைய கிறிஸ்தவப் பக்தியை அறிய 'திருவருள் மாலை' போன்ற நூல்களை நாடவேண்டும். அங்கும் தேவமாதாவைப் பற்றிய பாடல்களில் நாம் அவருடன் உடன்பட இயலாது. எனினும், யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் எத்திரோ மோசேக்கு வகுத்துரைக்கும் நீதிபதியின் தகுதிகளை, பொருளாசை வெறுப்பது உட்பட, தமிழ் மண்ணில் வாழ்ந்துகாட்டியவர் யாரெனின் இவரையே முதலிற் சுட்டுவோம்.

இவ்வாண்டு எம் வகுப்பில் ஆமோசின் ஆகமத்தோடு இணைத்து, 1859இல் வெளிவந்த இவருடைய 'நீதிநூலை' வாசித்துவருகிறோம். கைக்கூலியைக் கண்டிக்கும் பகுதியை மாணவர் ஆர்வத்துடன் கற்றனர். அந்நூலில் பொய்ப் போதகரின் இயல்பைக் கூறும் அதிகாரமும் ஒன்றுண்டு. அதை வாசித்த நாளில் வகுப்பு சற்றே அமைதியாயிருந்தது, ஆசிரியரும்தான்.