தீவுகளின் ஐவர்

நுழையும்முன்

ஒரு நாட்டின் பெருமையை அதன் பரப்பளவும் மக்கள்தொகையுமா முடிவு செய்கின்றன? உலக வரைபடத்தில் சில புள்ளிகளாகத் தோன்றும் தீவுக்கூட்டம் ஒன்று, உலகக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியில் தடம் பதித்தது. வறட்சியாலும் பஞ்சத்தாலும் உலகெங்கும் சிதறிய மக்களை ஒரு விளையாட்டு எவ்வாறு ஒன்றுகூட்டியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடல் நடுவே ஒரு நாடு

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்துள்ளது கேப் வர்டி. எரிமலைகளால் உருவான பத்துத் தீவுகளைக் கொண்ட இந்நாட்டில் ஒன்பது தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். நாட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 4,033 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஆறு இலட்சத்துக்கும் குறைவு. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியரின் ஆட்சியில் இருந்த இத்தீவுகள் 1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் விடுதலை பெற்றன.

‘வர்டி’ என்னும் சொல் பசுமையைக் குறிப்பது. ஆயினும், அந்நாட்டின் வரலாறு வறட்சியின் வரலாறாகவே இருந்திருக்கிறது. மழை பொய்த்தபோதெல்லாம் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1940களில் ஏற்பட்ட பஞ்சங்கள் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தன. உயிர்பிழைக்க வழி தேடியோர் கப்பலேறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் பணியாளர்களாகச் சென்றவர்கள் மாசசூசெட்ஸ் முதலிய பகுதிகளில் குடியமர்ந்தனர். பின்னர் போர்த்துகல், நெதர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளுக்கும் பலர் சென்றனர். இன்று தாயகத்தில் வாழ்வோரைவிட அயல்நாடுகளில் வாழும் கேப் வர்டி வழியினரே மிகுதி எனக் கருதப்படுகிறது.

ஐவர் ஆடும் ஆட்டம்

கூடைப்பந்து, சிறிய நாடுகளுக்கு இசைவான விளையாட்டு. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தில், ஓர் அணிக்கு ஐவர் மட்டுமே ஒரு நேரத்தில் ஆடுகின்றனர். பன்னிருவர் அமைந்தால் அணி நிறைவு பெறும். ஆதலால், ஆற்றல்மிக்க ஓரிருவர் சேர்ந்தாலும் அணியின் வலிமை வெகுவாக உயர்ந்துவிடும். எனினும், அந்த ஓரிருவரைக் கண்டறிவதே அரிய செயல்.

அணியைத் திரட்டுவதிலும் தடைகள் உண்டு. ஒரு நாட்டின் குடியுரிமையைப் பதினாறு வயதுக்குப் பின் பெற்றவர்களுள் ஒருவர் மட்டுமே அந்நாட்டு அணியில் இடம்பெறலாம் என்பது பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி. எனவே, அயல்நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உரிய வயதுக்குள் தம் முன்னோர் நாட்டின் குடியுரிமையைப் பெற்றிருக்க வேண்டும். தாயகத்துடனான உறவை ஒரு குடும்பம் விடாது பேணியதா என்பதற்கும் ஓர் அணியின் வலிமைக்கும் இவ்வாறு தொடர்பு ஏற்படுகிறது.

தற்செயலாய்க் கிடைத்த மாணிக்கம்

அந்நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் வால்டர் தவாரெஸ். ‘எடி’ என்று அழைக்கப்படும் இவர், மையோ என்னும் சிறு தீவில் 1992ஆம் ஆண்டு பிறந்தவர், 2.20 மீட்டர் உயரமுடையவர். பதினேழு வயதுவரை இவர் முறையாகக் கூடைப்பந்து ஆடியதில்லை. அங்கு வந்த ஜெர்மானியச் சுற்றுலாப் பயணி ஒருவர் இவரது உயரத்தைக் கண்டு வியந்து, ஸ்பெயினின் கிரான் கனாரியா கழகத்தாருக்குச் செய்தி சொன்னார். அங்கே சென்று பயிற்சி பெற்ற தவாரெஸை, 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா ஹாக்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. பின்னர் ரியல் மாட்ரிட் அணியில் சேர்ந்து, ஐரோப்பாவின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கினார்.

இவ்வெற்றிக் கதைக்குள் ஒரு வினாவும் புதைந்திருக்கிறது. அந்தப் பயணி மையோவுக்கு வராதிருந்தால் தவாரெஸ் என்னவாகியிருப்பார்? திறமை எங்கும் பிறக்கிறது; வாய்ப்போ எங்கும் கிடைப்பதில்லை. பயிற்சிக்கூடமும் பயிற்றுநரும் இல்லாத ஊர்களில் எத்தனை திறமைகள் அறியப்படாமலே மறைந்திருக்கும் என்பது சிந்தனைக்குரியது.

உலக அரங்கில்

2007ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டியில் கேப் வர்டி மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் வென்றது. 2021இல் நான்காம் இடத்தைப் பிடித்தது. 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு ஒதுக்கப்பட்டவை ஐந்து இடங்களே. அவற்றுள் ஒன்றை இச்சிறுநாடு வென்றெடுத்தது. அதுவரை அப்போட்டியில் பங்கேற்ற நாடுகளுள் மக்கள்தொகையில் மிகச் சிறியது என்னும் சிறப்பும் அதற்குக் கிடைத்தது.

ஜப்பானின் ஒக்கினாவாவில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 60–85 என்ற புள்ளிக்கணக்கில் தோற்றது. ஆயினும், அணி மனம் தளரவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் வெனிசுலாவை 81–75 என வீழ்த்தி, உலகக் கோப்பையில் தன் முதல் வெற்றியைப் பதிவு செய்தது. லூக்கா தோன்சிச் ஆடிய ஸ்லோவேனியாவிடமும், பின்னர் பின்லாந்து, ஜப்பான் ஆகிய அணிகளிடமும் தோல்வியுற்றது. ஐந்து ஆட்டங்களில் ஒரே வெற்றி. ஆனால், பிழைப்புக்காகப் பல நாடுகளுக்குப் பிரிந்து சென்றோரின் வழித்தோன்றல்கள் தம் தாயகக் கொடியின்கீழ் ஒன்றாய் நின்று பெற்ற வெற்றி அது.

வறுமை அம்மக்களைப் பிரித்தது. விளையாட்டு அவர்களை ஒன்றுகூட்டியது. பெரிய நாடுகள் தம் வலிமையை எல்லைகளுக்குள் தேடுகின்றன. கேப் வர்டியோ தன் வலிமையைக் கடல்களுக்கு அப்பாலும் தேடிக் கண்டடைந்தது.

தெரிந்து தெளிவோம்

கூடைப்பந்தின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும். பன்னாட்டுப் போட்டிகளில் ஓர் ஆட்டம், பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும். பந்தைப் பெற்ற அணி 24 நொடிகளுக்குள் அதை வளையம் நோக்கி எறிந்தாக வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. ‘திறமை எங்கும் பிறக்கிறது; வாய்ப்போ எங்கும் கிடைப்பதில்லை’ – இக்கூற்றை உங்கள் ஊர் விளையாட்டுச் சூழலோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. புலம்பெயர்ந்தோர் தம் தாயகத்துக்கு ஆற்றும் பங்களிப்புக் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.