மருந்துச் சீட்டுக்கு முன் நாம் கேட்க வேண்டியவை: ஏ.டி.எச்.டி.யும் தலித் குழந்தைகளும்

வகுப்பில் ஓரிடத்தில் அமராத, சொன்னதை உடனே மறந்துவிடுகிற குழந்தை வசதியான வீட்டிலிருந்து வந்தால், மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். சேரியிலிருந்து வந்தால் ‘அடங்காதவன்’ என்கிறார்கள். இவ்வேறுபாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கறுப்பினக் குழந்தைகளுக்கு இந்நோயறிதல் கிடைக்கும் வாய்ப்பு விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைவிட 69 விழுக்காடு குறைவு என்று 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டறிந்தது.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்னும் ஏ.டி.எச்.டி. மூளை வளர்ச்சி சார்ந்தது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்பட வேண்டும். எனவே ஆசிரியரின் கருத்து முக்கியமாகிறது. சாதிய முன்முடிவு நுழையும் வழியும் அதுவே. பசி, தூக்கமின்மை, பார்வைக் குறைபாடு, பள்ளியில் அடியும் இழிசொல்லும் தரும் அச்சம் ஆகியவையும் கவனத்தைச் சிதைக்கும். இவற்றைப் பெற்றோர் மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். சமூகநிலையை வைத்து ஒருவருக்கு மனநோய் என முடிவுசெய்யக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997இல் தொடங்கியது திருச்சியில்தான். ஆயினும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். ஆகவே கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது நல்லது.

முதல் கேள்வி, மருந்து இப்போதே தேவையா என்பது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் வழி. அடுத்து, எந்த மருந்து என்பது. மெதில்பெனிடேட் நோயைக் குணமாக்குவதில்லை. உடலில் செயல்படும் நேரத்தில் அறிகுறிகளைக் குறைக்கிறது. பசியையும் தூக்கத்தையும் அது குறைக்கக்கூடும். சத்துணவே நாளின் முதன்மையான உணவாக இருக்கும் குழந்தைக்கு மதியப் பசி போவது சிறிய பக்கவிளைவன்று. குழந்தை எப்போது, எங்கே உண்கிறது என்று சொன்னால் மருத்துவர் மருந்து வேளையை அதற்கேற்ப அமைக்க முடியும். எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். குடும்பத்தில் இதயநோய் இருந்தால் மறைக்கக் கூடாது. இம்மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால், ஊக்கி வகையைச் சேராத அட்டமாக்செடின் உண்டு.

மெதில்பெனிடேட் ‘எக்ஸ்’ அட்டவணையில் உள்ளது. இரு படிகளாக எழுதிய சீட்டு வேண்டும். ஒரு படியை மருந்துக்கடை ஈராண்டு வைத்திருக்கும். எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்பதை மருத்துவமனையிலேயே கேட்டறிவது அலைச்சலைத் தவிர்க்கும். அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மருந்து உட்கொண்டால்தான் பள்ளியில் இடம் என்று எவரும் நிபந்தனை விதிக்க முடியாது. எட்டாம் வகுப்புவரை எக்குழந்தையையும் வெளியேற்றக் கூடாது, அடிக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மனநலச் சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்பதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மருத்துவர் முன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. விளங்கும்வரை விளக்கம் பெற்று, அதன்பின் முடிவெடுப்பது நம் உரிமை.